கபாலத்துக்கு வெளியே ஒரு கம்பிச்சுருள்

காந்தப் படுக்கை, காந்த வளையல், காந்தத் தண்ணீர் என்று நம் ஊரில் வீடு வீடாக வந்து விற்றுவிட்டார்கள். மூட்டுவலி தொடங்கி சர்க்கரை வரை எல்லாம் தீரும் என்றார்கள். இதையெல்லாம் பார்த்துச் சலித்தவர்களிடம் ஒரு நரம்பியல் மருத்துவர் வந்து, காந்தத்தை வைத்து மூளை நோயைக் கண்டறிகிறோம், சிலவற்றுக்குச் சிகிச்சையும் தருகிறோம் என்று சொன்னால் சிரிப்புதான் வரும். சிரிப்பது நியாயம். அந்தச் சந்தேகத்தை விட்டுவிட வேண்டாம். அதைக் கையில் வைத்துக்கொண்டே இந்தத் துறைக்குள் நுழையலாம், கடைசிவரை அது உதவும்.

முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்க்குள் இருக்கும் காந்தப்புலம் பொதுவாக 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்கோ அதற்கும் மேலோ வலிமையானது. அதற்குள் அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து வருகிறோம். எண்ணம் தடுமாறுவதில்லை, நோய் தீருவதுமில்லை. அசையாமல் நிற்கும் காந்தப்புலம் எவ்வளவு வலிமையாக இருந்தாலும் நரம்பைத் தூண்டாது. அப்படியிருக்க, மணிக்கட்டு வளையலில் ஒட்டிய குட்டிக் காந்தத்தால் என்ன ஆகிவிடும்?

இப்போது நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் டி.எம்.எஸ். கருவிக்கு வருவோம். டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன் என்பதன் சுருக்கம் அது. கபாலத்தைத் திறக்காமல் வெளியிலிருந்தே மூளையைக் காந்தத்தால் தூண்டும் முறை. அதன் கம்பிச்சுருள் எழுப்பும் புலமும் உச்சத்தில் 1.5 முதல் 2 டெஸ்லாதான், ஸ்கேன் குழாயின் அளவே. ஆனால் சுருளைத் தலையின் இடப்பக்கத்தில் சரியான இடத்தில் பிடித்து ஒரே ஒரு துடிப்பைச் செலுத்தினால், உட்கார்ந்திருப்பவரின் வலது கட்டைவிரல் அவர் கேட்காமலே துள்ளும். இரண்டுக்கும் வலிமை ஒன்றே, வேகம்தான் வேறு. சுருளின் புலம் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் சூன்யத்திலிருந்து உச்சத்துக்கு எழுந்து அதே விரைவில் அடங்குகிறது.

மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்சாரத்தை எழுப்பும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டார். டைனமோ, டிரான்ஸ்ஃபார்மர், நம் சமையலறை இண்டக்ஷன் அடுப்பு எல்லாமே அந்த விதியின் பிள்ளைகள். அடுப்பில் சுருள் ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம், நடுவில் மின்சாரம் கடத்தாத கண்ணாடி. ஆனாலும் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டம் சுழல்கிறது. டி.எம்.எஸ்.ஸில் கண்ணாடிக்குப் பதில் தோலும் மண்டையோடும், பாத்திரத்துக்குப் பதில் உப்புநீர் ஊறிய மூளைத் திசு. கருவிக்குள் இருக்கும் மின்தேக்கியில் இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட்வரை ஏற்றிவைத்து, அதைச் சுருள் வழியே ஒரே மூச்சில் இறக்குவார்கள். சில ஆயிரம் ஆம்பியர் பாயும். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் காதைப் பாதிக்கும் அளவு பலமானது என்பதால் நோயாளிக்கும் கருவியைப் பிடிப்பவருக்கும் காதடைப்பான் கட்டாயம். ஆக, மூளையைத் தூண்டுவது மின்சாரம்தான். அதை எலும்பு தாண்டி உள்ளே கொண்டுசேர்ப்பதோடு காந்தத்தின் வேலை முடிந்துவிடுகிறது.

மின்சாரத்தையே நேராக அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். 1870-ல் பெர்லினில் ஃப்ரிட்ச், ஹிட்ஸிக் என்ற இருவர் நாயின் திறந்த மூளையில் மின்முனையை வைத்து எதிர்ப்பக்கக் காலை அசைய வைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து அமெரிக்காவின் சின்சினாட்டியில் ராபர்ட் பார்தலோ என்ற மருத்துவர், புற்றுப்புண்ணால் மண்டையோடு அரித்துப்போய் மூளை வெளியே தெரிந்த ஒரு பெண்ணின் மூளைக்குள் ஊசி செருகி மின்சாரம் பாய்ச்சினார். கை துடித்தது, பின்னர் வலிப்பு வந்தது. சில நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனார். மருத்துவ வரலாற்றில் வெட்கத்தோடு நினைவுகூரப்படும் சோதனை அது. பிறகு மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட், அறுவைச் சிகிச்சைக்காக எப்படியும் திறக்க வேண்டியிருந்த மூளைகளில் விழித்திருந்த நோயாளிகளிடம் பேசிக்கொண்டே தூண்டிப் பார்த்து, உடலின் எந்த உறுப்பை மூளையின் எந்த இடம் அசைக்கிறது என்ற வரைபடத்தைத் தந்தார். திறக்காத தலையில் முதன்முதலாக ஒழுங்காகச் செய்துகாட்டியவர்கள் லண்டனின் மெர்ட்டனும் மார்ட்டனும், ஆண்டு 1980. தோலின்மேல் மின்முனை வைத்து ஒரு பெரிய மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், கை அசைந்தது. மெர்ட்டன் தன் தலையையே சோதனைக்குக் கொடுத்தார். ஆனால் வலி கடுமையாக இருந்தது. எலும்பு மின்சாரத்தை எளிதில் விடாது. பெரும்பங்கு தோலின் வலி நரம்புகளிலும் தசையிலும்தான் பாய்கிறது. நோயாளியிடம் இதை எத்தனை முறை செய்ய முடியும்?

காந்தத்தை வைத்து முயன்றவர்களும் முன்பே உண்டு. பிரெஞ்சு இயற்பியலாளர் தார்சன்வால் 1896-ல் ஒரு பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை நுழைத்தால் கண்முன் ஒளிப்பொட்டுகள் மின்னுவதை எழுதினார். 1910-ல் லண்டனில் சில்வேனஸ் தாம்சன் அதையே திரும்பச் செய்தார். மூளையைத் தொட்டுவிட்டோம் என்று அவர்கள் மகிழ்ந்திருக்கலாம்; உண்மையில் தூண்டப்பட்டது விழித்திரை என்றே இன்று கருதுகிறார்கள். ஃப்ராய்டு வாழ்ந்த அதே வியன்னாவில் 1902-ல் போலாச்செக், பீர் என்ற இருவர் மனச்சோர்வுக்கு ஒரு மின்காந்தக் கருவி செய்து காப்புரிமையும் கோரினார்கள். அன்றைய மின்பொறியியலுக்கு அது எட்டாத கனி. கணநேரத்தில் இத்தனை ஆயிரம் ஆம்பியரைத் திறந்து மூடும் சுவிட்ச் அப்போது இல்லை.

அது கைக்கு வந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். ஆன்டனி பார்க்கர் மருத்துவர் அல்ல, மருத்துவமனையில் வேலை பார்த்த இயற்பியலாளர். எழுபதுகளிலிருந்தே கை நரம்புகளைக் காந்தத்தால் தூண்ட முயன்றுகொண்டிருந்தார். ரெசா ஜலினூஸ், இயன் ஃப்ரீஸ்டன் இருவருடன் சேர்ந்து அவர் செய்த கருவி மனித மூளையின் இயக்கப் பகுதியை வலியில்லாமல் தூண்டியது. 1985 மே மாதம் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை மிகச் சிறியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் உலகின் பெரிய நரம்பியல் கூடங்கள் பலவற்றுக்கும் கருவி போய்ச் சேர்ந்தது. 1988-ல் ஜப்பானின் ஷோகோ உவெனோ வட்டச் சுருளை எட்டு வடிவில் இரட்டையாக்கினார். இரண்டு வளையங்களும் சந்திக்கும் இடத்தில் புலங்கள் கூடுவதால் குறி கூர்மையாயிற்று. ஆழம் மட்டும் கூடவில்லை. சாதாரணச் சுருளால் தோலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் தூண்ட முடியும், அதாவது மூளையின் மேற்புறணியை மட்டும். உள்ளே புதைந்திருக்கும் பகுதிகளை நேரடியாகத் தொட முடியாது. இந்த வரம்பை மறக்காதீர்கள்.

இனி, இந்தக் கருவியின் மிக நேர்மையான பயனுக்கு வருவோம். பத்திரிகைகள் அதிகம் பேசாத பயன் அது: நோயறிதல்.

தலையில் துடிப்பு கொடுத்த நொடியிலிருந்து கைத்தசை துடிக்கும் நொடிவரை எவ்வளவு நேரம் ஆகிறது? கையில் ஒட்டிய மின்முனை அதைத் துல்லியமாகச் சொல்லிவிடும்: சுமார் 20 மில்லி விநாடி. உயரமானவர்களுக்குச் சற்றுக் கூடும். பிறகு அதே சுருளைக் கழுத்தின் பின்புறம், தண்டுவடத்திலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் வைத்துத் துடிப்பு கொடுத்தால், கைக்குப் போய்ச்சேர 13, 14 மில்லி விநாடி. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூளையிலிருந்து கழுத்துவரை, அதாவது மைய நரம்புப் பாதையில் மட்டும் ஆன நேரம் கிடைக்கிறது. ஆரோக்கியமானவர்களிடம் ஆறு ஏழு மில்லி விநாடி. ஆரம்பப் பள்ளிக் கழித்தல்தான். ஆனால் 1985-க்கு முன் இந்த எண்ணை வலியில்லாமல் பெற வழியே இருக்கவில்லை.

இந்த எண் கூடினால் பாதையில் எங்கோ பழுது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறை சிதைகிறது. செய்தி தாமதமாகப் போகிறது. கையை ஆட்டிப் பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையிலும் இந்தத் தாமதம் தெரிந்துவிடுவதுண்டு. கழுத்தெலும்புத் தேய்மானத்தில் இதன் பயன் இன்னும் நடைமுறையானது. அறுபது வயது கடந்த பலரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏதாவது ஓரிடத்தில் தேய்வோ நெருக்கமோ தெரியும்; அவர்களில் பெரும்பாலோருக்குத் தொல்லை எதுவும் இருக்காது. படம் நெருக்கத்தைக் காட்டும். நெருக்கத்தால் தண்டுவடம் வேலை செய்யாமல் போகிறதா என்பதைச் சொல்ல, பாதை வழியே ஒரு செய்தியை அனுப்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொரு வகை நோயாளிகளை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கும். திடீரென்று கால் செயலிழந்துவிடுகிறது. ஸ்கேன் சரியாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. வீட்டில், சில சமயம் ஆஸ்பத்திரியிலும், ‘நடிக்கிறாள்’ என்று பேச்சு கிளம்பும். டி.எம்.எஸ். துடிப்பு கொடுத்தால் அந்தக் கால் சரியான நேரத்தில் துள்ளுகிறது. மூளையிலிருந்து தசைவரை கம்பி அறுபடவில்லை என்று அதற்குப் பொருள். இது நடிப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்பது உண்மையான நோய். பாதை நன்றாக இருக்க, பாதையைப் பயன்படுத்தும் விதம் குலைந்துபோன நிலை. ‘உங்கள் கால் அசையக்கூடியது, இதோ பாருங்கள்’ என்று நோயாளிக்கே காட்ட முடிவது சிகிச்சையின் நல்ல தொடக்கம் என்று மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள்.

ஒரு துடிப்புக்குப் பதில் இரண்டு துடிப்பு கொடுத்தால் கேள்வி நுட்பமாகிறது. முதல் துடிப்பு மிக மெலிதாக, தசையை அசைக்க முடியாத அளவில். சில மில்லி விநாடி கழித்து இரண்டாவது பலமாக. ஆரோக்கியமான மூளையில் முதல் துடிப்பு அடக்கும் நரம்புகளை எழுப்பிவிடுவதால் இரண்டாவதன் விளைவு சுருங்குகிறது. குஜிராய் என்ற ஜப்பானிய மருத்துவர் லண்டன் குழுவினரோடு சேர்ந்து 1993-ல் இதைக் காட்டினார். ஸ்டீஃபன் ஹாக்கிங்கை முடக்கிய மோட்டார் நியூரான் நோயில் இந்த அடக்கும் திறன் தொடக்கத்திலேயே தேய்ந்துவிடுகிறது. சிட்னியில் ஸ்டீவ் வுசிக், மேத்யூ கியர்னன் குழுவினர் இதை நோயறியும் சோதனையாக வளர்த்தார்கள். அந்த நோயைப் போலவே தோன்றும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத வேறு நோய்களிலிருந்து அதைப் பிரித்தறிய அது உதவுகிறது. நோயின் பெயரை உறுதியாகத் தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் அலையும் குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

பக்கவாதம் வந்தவரின் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி: ‘கை திரும்ப வருமா டாக்டர்?’ வழக்கமான பதில்: ‘பொறுத்திருந்து பார்ப்போம்.’ நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் தலைமையிலான குழு இதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. மூன்றாம் நாளில் தோளைத் தூக்கவும் விரலை நீட்டவும் எவ்வளவு வலு இருக்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் தேறினால் கருவியே தேவையில்லை. தேறாதவர்களுக்கு மட்டும் அந்த முதல் வாரத்தில் டி.எம்.எஸ். கை அசையாமல் கிடந்தாலும் துடிப்புக்குத் தசை பதில் சொன்னால் பாதை உயிரோடிருக்கிறது. மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம். 2017-ல் வெளியான இதன் திருத்திய வடிவம் நான்கில் மூவருக்குச் சரியாகக் கணித்தது. சிகிச்சை தருபவர்களுக்கு இந்தக் கணிப்பு முன்கூட்டித் தெரிந்தபோது நோயாளிகள் ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே வீடு திரும்பினார்கள்.

தூண்டுவதுபோலவே, ஒரு பகுதியின் வேலையைக் கணநேரம் குலைக்கவும் இந்தத் துடிப்பால் முடியும். நியூயார்க்கின் புரூக்ளினில் வாஹே அமாசியன் 1989-ல் செய்த சோதனையில், திரையில் எழுத்துகள் மின்னி மறைந்து, 80 முதல் 100 மில்லி விநாடி கழித்துப் பின்மண்டையில் துடிப்பு கொடுத்தால், பார்த்தவருக்கு எழுத்து தெரியவில்லை. கண் பார்த்தது; மூளை அதைப் படிக்கும் வேளையில் இடையூறு நேர்ந்துவிட்டது. இதைவிட வியப்பானது 1997-ல் லியனார்டோ கோஹனும் சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் விரலால் பிரெயில் படித்துக்கொண்டிருக்கும்போது பின்மண்டைப் பார்வைப் பகுதியில் துடிப்புகள் கொடுத்தார்கள். படிப்பில் பிழைகள் வந்தன. இல்லாத புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்பட்டதாகச் சிலர் சொன்னார்கள். பார்வையுள்ளவர்கள் விரலால் தொட்டு எழுத்துகளை அறியும்போது அதே இடத்தில் துடிப்பு கொடுத்தபோது அப்படி நேரவில்லை. ஒளியே வந்து சேராத பார்வைப் பகுதி சும்மா கிடக்கவில்லை, தொடுதலைப் படிக்கும் வேலையை எடுத்துக்கொண்டிருந்தது. பிறவியிலேயே பார்வையற்ற, பிரெயில் நன்கு படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பிறகொருநாள் இருபுறப் பின்மண்டையிலும் பக்கவாதம் தாக்கியது. விரலில் உணர்ச்சி இருந்தது, பிரெயில் படிக்க மட்டும் முடியவில்லை. 2000-ல் பதிவான அந்த நிகழ்ச்சி கோஹனின் முடிவுக்கு இயற்கையே வைத்த முத்திரை.

இந்தக் குலைக்கும் திறனை அறுவைச் சிகிச்சையாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். கட்டியை வெட்டும் முன் பேச்சுக்கும் கைக்கும் உரிய இடங்கள் நோயாளியின் மூளையில் எங்கெங்கே இருக்கின்றன என்று எம்.ஆர்.ஐ. படத்தோடு இணைத்துக் குறித்துக்கொள்வார்கள். பென்ஃபீல்ட் கபாலத்தைத் திறந்து வரைந்த படத்தின் ஒரு பகுதியை இப்போது திறக்கும் முன்பே வரைய முடிகிறது.

நோயறிதலில் என்னை மிகவும் கவர்ந்தது மிலானில் நடக்கும் வேலை. கண் திறந்திருக்கிறது, அழைத்தால் பதில் இல்லை. உள்ளே யாராவது இருக்கிறார்களா? மார்செல்லோ மாஸிமினியின் குழு அப்படிப்பட்டவர்களின் மூளையை ஒரு துடிப்பால் தட்டிவிட்டு, அது எழுப்பும் அலைகளைத் தலை முழுதும் ஒட்டிய மின்முனைகளால் பதிவுசெய்கிறது. பதிவை, கணினிக் கோப்பை ‘ஜிப்’ செய்வதுபோன்ற கணக்கு முறையால் சுருக்கிப் பார்க்கிறார்கள். ஆழ்ந்த உறக்கத்திலும் மயக்க மருந்திலும் எதிரொலி எளிமையானது, எளிதில் சுருங்கிவிடும். விழிப்பில் அது பல பகுதிகளுக்கும் பரவிப் பல வடிவம் எடுப்பதால் அவ்வளவாகச் சுருங்காது. 2016-ல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு நினைவு இருப்பதாகப் படுக்கையருகே உறுதிசெய்யப்பட்ட 38 பேரில் 36 பேரை இந்த அளவீடு சரியாக இனங்கண்டது. நினைவே இல்லை என்று முடிவுகட்டப்பட்டிருந்த 43 பேரில் 9 பேரின் மூளை விழித்தவர் மூளையைப் போலப் பதில் சொன்னது. நோயாளி கையைப் பிடிக்கவோ கண்ணை அசைக்கவோ தேவையில்லாத கேள்வி இது.

இதுவரை ஒற்றைத் துடிப்பு. துடிப்புகளை வரிசையாக, நிமிடக்கணக்கில் கொடுத்தால் நிறுத்திய பிறகும் விளைவு கொஞ்சநேரம் தங்குகிறது என்று தொண்ணூறுகளில் கண்டார்கள். விநாடிக்கு ஒன்று என்ற மெதுவான தாளம் அந்தப் பகுதியின் கிளர்ச்சியைப் பெரும்பாலும் தணிக்கிறது. விநாடிக்கு ஐந்து, பத்து என்ற வேகம் கூட்டுகிறது. சிகிச்சை என்ற ஆசை இங்கேதான் பிறந்தது. சிக்கலும் இங்கேதான்.

மனச்சோர்வில் மார்க் ஜார்ஜ் 1995-ல் ஆறு நோயாளிகளிடம் தொடங்கியது அமெரிக்காவில் 2008-ல் அரசு அனுமதி பெற்றது. இடது முன்நெற்றிப் பகுதியில் விநாடிக்குப் பத்து வீதம், ஒரு அமர்வுக்கு மூவாயிரம் துடிப்பு, 37 நிமிடம், வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். அனுமதிக்கு அடிப்படையாக இருந்த 301 பேர் ஆய்வு, தான் முன்கூட்டி வகுத்துக்கொண்ட முதன்மை அளவுகோலில் மயிரிழையில் தவறியது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. பிறகு அமெரிக்க அரசின் நிதியில், கருவி நிறுவனத்தின் கைபடாமல் 190 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 14 விழுக்காட்டினருக்கு நோய் நீங்கியது; போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 5 விழுக்காடு. மருந்துக்கு மசியாத நோய் அது. அதில் இந்த வித்தியாசம் உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் அற்புதம் அல்ல.

போலிச் சிகிச்சை என்றேனே, அதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. மாத்திரையில் போலி செய்வது சுலபம்: சர்க்கரை உருண்டை போதும். இங்கே உண்மைச் சுருள் ‘டக் டக்’ என்கிறது, தலைத்தோலைக் கொத்துகிறது, நெற்றித் தசையைத் துடிக்க வைக்கிறது. அதையெல்லாம் செய்து மூளையை மட்டும் தொடாத போலிச் சுருளை வடிவமைப்பது கடினம். போதாக்குறைக்கு, தினமும் ஒரு மருத்துவமனைக்கு வந்து, அக்கறையுள்ள ஒருவர் அருகில் நிற்க முக்கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பதே மனச்சோர்வுக்கு மருந்தாகிவிடுகிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 164 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில் உண்மைச் சிகிச்சையில் 41 விழுக்காடு தேறினார்கள், போலியில் 37. இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது. அவர்கள் தேறியது உண்மை. தேற்றியது காந்தம்தானா என்பதே கேள்வி.

சுருளை எங்கே வைப்பது என்பதும் விளையாட்டல்ல. தொடக்க காலத்தில் கட்டைவிரல் துள்ளும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து ஐந்து சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தி வைத்தார்கள். தலைகள் எல்லாம் ஒரே அளவா என்ன? மூளையின் ஆழத்தில், மனச்சோர்வில் மிகையாக இயங்கும் ஒரு பகுதி உண்டு. சுருளால் அதை எட்ட முடியாது. ஆனால் மேற்புறணியில் அதோடு எதிர்மாறாக ஏறியிறங்கும் இடத்தைத் தூண்டினால் பலன் கூடுவதாக 2012-ல் மைக்கேல் ஃபாக்ஸும் சகாக்களும் காட்டினார்கள். அமர்வின் நீளத்திலும் மாற்றம் வந்தது. மூன்று மூன்றாகக் கொத்துக் கொத்தாகத் துடிக்கும் ‘தீட்டா பர்ஸ்ட்’ முறையில் மூன்று நிமிட அமர்வு, 37 நிமிட அமர்வுக்குக் குறைந்ததல்ல என்று கனடாவில் 414 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் காட்டியது. ஏழை நாடுகளுக்கு இதுதான் பெரிய செய்தி என்பேன்: ஒரே கருவியால் ஒரே நாளில் பல மடங்கு பேருக்குச் சிகிச்சை தரலாம். ஸ்டான்ஃபர்டில் ஒருநாளைக்குப் பத்து அமர்வு வீதம் ஐந்தே நாளில் முடித்து, 79 விழுக்காட்டினருக்கு நோய் நீங்கியதாகச் சொன்னதும் (போலியில் 13) உலகமெங்கும் பரபரப்பானது. மொத்தம் ஆய்வில் கணக்கிடப்பட்டவர்கள் 29 பேர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒற்றைத் தலைவலியில் கதை கொஞ்சம் நேர்த்தியானது. கண்முன் மின்னல் கோடுகள் வந்து பிறகு வலி தொடங்குமே, அந்தக் கோடுகள் பின்மண்டைப் புறணியில் நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வேகத்தில் நகரும் ஓர் அலையால் வருபவை. அந்த அலையை 1944-ல் முயலின் மூளையில் கண்டு எழுதியவர் பிரேசிலின் லியாவோ. கோடு தெரிந்ததும் பின்மண்டையில் இரண்டு துடிப்பு கொடுத்தால் அலை தடைபடும் என்ற எண்ணத்தில் கையில் பிடிக்கும் கருவி ஒன்று வந்தது. இரண்டு மணி நேரத்தில் வலி நீங்கியவர்கள் உண்மைக் கருவியில் 39 விழுக்காடு, போலியில் 22. அமெரிக்கா 2013 டிசம்பரில் அனுமதித்தது.

மற்றவை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நரம்பு சேதத்தால் வரும் தீரா வலிக்கு நல்ல சான்று உண்டு. பக்கவாதக் கைக்கு ஐரோப்பிய நிபுணர் குழு நம்பிக்கை தருகிறது. ஆனால் அமெரிக்காவில் 199 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் உண்மையும் போலியும் ஒன்றுபோலவே பலன் தந்தன, 67 விழுக்காட்டுக்கு 65 விழுக்காடு. காதிரைச்சலுக்கு வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-லேயே சொல்லிவிட்டது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பெற்றவர்களிடம் இதை விற்பவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அதற்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி இல்லை. அனுமதி தரும் அளவுக்கான சான்றும் இல்லை.

‘தலையில் கரண்ட் வைப்பது’ என்றதும் தமிழ் சினிமா காட்டிய ஷாக் ட்ரீட்மென்ட் நினைவுக்கு வந்து பயப்படுகிறவர்களுக்கு: இது அது அல்ல. மின்னதிர்ச்சிச் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து வேண்டுமென்றே ஒரு வலிப்பை உண்டாக்குகிறார்கள். இங்கே மயக்க மருந்து இல்லை. நோயாளி விழித்திருந்து, முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போகலாம். வலிப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் துடிப்பின் அளவுக்கும் வேகத்துக்கும் வரம்புகள் வகுத்திருக்கிறார்கள். அவற்றைப் பின்பற்றும்போது ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட வலிப்பு வருவதில்லை என்பதே இன்றைய கணிப்பு. தலைவலியும் தோல் வலியும் சகஜம். அதேசமயம், உணவை மறுத்து, உயிரை வெறுத்துக் கிடக்கும் கடும் மனச்சோர்வில் இன்றும் வலுவான சிகிச்சை அந்தப் பழைய மின்னதிர்ச்சிதான். அதற்குப் பயந்து டி.எம்.எஸ்.ஸில் வாரங்களைக் கழிப்பது ஆபத்து.

என் தீர்ப்பைக் கேட்டால், நோயறிதலில் இந்தக் கருவிக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை, சிகிச்சையில் தகுதிக்குமேல் கிடைத்துக்கொண்டிருக்கிறது. காரணம் அறிவியலில் மட்டும் இல்லை. கழித்தல் கணக்குக்கு ஒருமுறைதான் கட்டணம் வாங்க முடியும், சிகிச்சைக்கு முப்பது அமர்வுக்கு வாங்கலாம்.

யாராவது உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இதைப் பரிந்துரைத்தால் நோயின் பெயரைச் சொல்லி, அந்த நோய்க்குப் போலிச் சுருளோடு ஒப்பிட்ட சான்று உண்டா என்று கேளுங்கள். சுருளை வைக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், எத்தனை அமர்வுக்குள் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள் என்றும் கேளுங்கள். தலைக்குள் ரத்தக்குழாய்க் கிளிப்போ காக்ளியர் கருவியோ இருந்தாலும், இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும், முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலும், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.